பைக்குள் வைத்த கை

வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, அவர் பக்கத்து நாற்காலிப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தப் பெண் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். பிறகு ஏதோ நினைவு வந்தவள்போல எழுந்து, தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

கால்சட்டைப் பை ஆடியதைப் பார்த்திருப்பாள்.

பைக்குள் வைத்தாலும் அந்தக் கை சும்மா இருப்பதில்லை. சில்லறையை உருட்டிப் பார்க்கிறவனைப்போலக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டே இருக்கும்.

நரம்பு நிபுணர் அந்த மருத்துவமனைக்கு மாதத்தில் ஒரு நாள்தான் வருவார். மழைக்காலத் தொடக்கத்தில் பெயர் கொடுத்தது. இப்போது வெளியே வெயில் கொளுத்துகிறது.

காத்திருப்பது அவருக்குப் புதிதில்லை. ஆயுள் முழுக்கச் செருப்புக் கடையில் வேலை பார்த்தவர். அலமாரியையே இறக்கி வைக்கச் சொல்லிவிட்டு, ஒன்றும் பிடிக்காமல் எழுந்து போகிறவர்களையும் பல் தெரியச் சிரித்து வழியனுப்பியவர். கடையில் அவருக்குப் பல்லழகர் என்று பெயர். "செருப்பு கடிச்சாலும் பல்லழகர் மூஞ்சிக்காகத் திருப்பிக் கொண்டார மாட்டாங்க" என்பார் முதலாளி.

அவர் மனசில் இன்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இந்தக் கை நிற்க வேண்டும்.

நின்றால் மகன் வீட்டுக்குத் திரும்பிப் போகலாம்.

பேத்திக்கு இப்போதுதான் பேச்சு வருகிறது. தூக்கப் போனால் வீறிட்டு அழுது, அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறாள். மருமகள் முதலில் ஏதேதோ சொல்லிச் சமாளித்துப் பார்த்தாள். பிறகு அவர் இருக்கும் அறைக்குக் குழந்தையை விடுவதையே நிறுத்திவிட்டாள். ஒரு நாள் மகன் தரையைப் பார்த்தபடி சொன்னான்:

"கொஞ்ச நாள் தனியா இருங்கப்பா. பாப்பா ரொம்பப் பயப்படுது."

பயப்படாதா பின்னே. ஒரு கை தானாக ஆடிக்கொண்டிருந்தால் குழந்தை என்ன நினைக்கும்?

இப்போது வேறொரு தெருவில், மாடியில் ஒற்றை அறை. தானே சமைத்து, தானே சாப்பிட்டு, பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவுவார். அந்த அறையில் வேறு சத்தம் கிடையாது. படுக்கும் முன் கடவுளிடம் ஒரு விண்ணப்பம் வைப்பார். நடையை எடுத்துக்கொள், பேச்சை எடுத்துக்கொள், கையை மட்டும் நிறுத்திக் கொடு.

எழுந்து வரவேற்பு மேசைக்குப் போனார். அங்கே இருந்த பெண்ணிடம், தனக்கு முன்னால் இன்னும் எத்தனை பேர் என்று சிரித்தபடி கேட்டார்.

"என்னை ஏன் சார் முறைக்கிறீங்க? எல்லாரும்தான் காத்துட்டிருக்காங்க."

முறைத்தோமா? அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். பாவம், காலையிலிருந்து எத்தனை பேருக்குப் பதில் சொல்லி அலுத்திருப்பாளோ.

கொஞ்ச காலமாகவே எல்லோரும் இப்படித்தான் இருக்கிறார்கள். பால்காரர், மருந்துக் கடைக்காரர், மாடிப்படியில் எதிர்ப்படும் கீழ் வீட்டுக்காரர். சிரித்தால் யாரும் திருப்பிச் சிரிப்பதில்லை. யாருக்கு என்ன கஷ்டமோ. அவர்களுக்காகவும் இரவில் ஒரு வார்த்தை சொல்லிவைப்பார்.

அவருடைய முறை வந்தது.

டாக்டரம்மா விரல்களைத் தட்டிக் காட்டச் சொன்னார். கையை மூடித் திறக்கச் சொன்னார். சுவர் வரைக்கும் நடந்து திரும்பச் சொன்னார். திரும்பும்போது கால்கள் தயங்குவதைக் கவனித்துக்கொண்டார். பார்க்கின்சன் என்று நோயின் பெயரைச் சொல்லி, பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார்.

"மாத்திரையில நடுக்கம் குறையும். முழுசா நின்னுடும்னு நான் சொல்ல மாட்டேன்."

"பேத்தியைத் தூக்கிக்கிற அளவுக்கு நின்னா போதும்மா. இந்தக் கையைப் பார்த்துத்தான் பயப்படுறா."

மெல்லக் கையைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார், பழுது பார்க்கக் கொண்டுவந்த பொருளைப்போல.

டாக்டரம்மா கையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேத்தி இப்ப உங்க எதிர்ல நிக்கிறான்னு வச்சுக்குங்கய்யா. அவளைப் பார்த்துச் சிரிங்க."

இதென்ன பேச்சு என்று அவருக்கு வேடிக்கையாக இருந்தது.

"உள்ள வந்ததுலேருந்து சிரிச்சுட்டுத்தானேம்மா இருக்கேன்."

மேசையோரம் எழுதிக்கொண்டிருந்த நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள்.

இறுகிக் கிடந்த பல்லழகர் முகத்தில் ஒரு கோடுகூட அசைந்திருக்கவில்லை.

டாக்டரம்மா நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். நடுங்கும் அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார்.

"மகனை வரச் சொல்லுங்கய்யா. மருமகளையும். இந்த நோய் முகத்தையும் இறுக்கிடும்னு நான் அவங்ககிட்டச் சொல்லணும்."

பிறகு, அவருடைய சிரிப்புக்குப் பதில் சிரித்தார்.