ஓராண்டுத் தடை

விசாரணை அறையில் தங்கை, நெட்டை என்று எல்லாரும் கூப்பிடும் தன் படகுத் தோழியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிர் நாற்காலியில் இருந்த அக்காவுக்கு வயிறு பற்றி எரிந்தது. கூடப் பிறந்தவள் இங்கே இருக்க, அவள் தைரியம் சொல்வது யாருக்கு!

ஆறு வருடம் அக்காவும் தங்கையும் ஒரே படகில்தான் பாய்மரப் போட்டிக்குப் போனார்கள். போன வருடம் தங்கை நெட்டையின் படகுக்குத் தாவினாள். அந்தப் படகு மூன்று கோப்பை வாங்கியதைக்கூட அக்கா பொறுத்துக்கொண்டாள். தங்கை அதில் சிரித்துக்கொண்டே போவதைத்தான் தாங்க முடியவில்லை.

"புகார் கொடுத்தது நீங்கதானே? என்ன பார்த்தீங்க?" என்றார் படகுச் சங்கத் தலைவர்.

"நான் பின்னாலயே வந்தேன் சார். திருப்பத்துல இருக்கிற மிதவையை அவங்க படகு உரசுச்சு. பாய் மறைச்சதால ஆள் தெரியல. ஆனா மிதவை ஆடினது நல்லாத் தெரிஞ்சுது. உடனே புகாருக்கான சிவப்புக் கொடியைக் காட்டிட்டேன்," என்றாள் அக்கா.

தலைவர் நெட்டையிடம் திரும்பினார். "மிதவையைத் தொட்டா ஒரு வட்டம் அடிச்சுட்டுத்தான் மேல போகணும். நீங்க அடிக்கல. கரைக்கு வந்து, விதி எதையும் மீறலன்னு கையெழுத்து வேற போட்டிருக்கீங்க. இதுக்கு ஒரு வருஷம் தடை போட எங்களுக்கு அதிகாரம் இருக்கு, தெரியுமா?"

"தெரியும் சார். படகுக்குப் பொறுப்பு நான். கையெழுத்தும் என்னோடது. தடையை என் பேர்லயே போடுங்க."

அவள் வாதாடுவாள், மடக்கலாம் என்று நான்கு நாளாகக் கேள்விகளை மனப்பாடம் செய்து வந்திருந்த அக்காவுக்குச் சப்பென்று போய்விட்டது. ஆனாலும் தீர்ப்பு இனித்தது. நெட்டைக்கு ஓராண்டுத் தடை, கூடப் போனவள் மேல் நடவடிக்கை இல்லை. கேட்ட வரம் அப்படியே கிடைத்தது.

நெட்டை படியிறங்கிப் போனாள். வராந்தாவில் தங்கை சுவர்ப்பக்கம் திரும்பி அழுதுகொண்டு நின்றாள். தனக்காக இவள் ஒரு நாளாவது இப்படி அழுதிருப்பாளா என்று அக்காவுக்கு அதிலும் பொறாமை.

"போனவ போகட்டும், கண்ணைத் துடை. நாளையிலேருந்து பழையபடி நம்ம படகு. நான் ஓட்டுறேன், நீ பாய்க்கயிறைப் பிடி."

"ஆறு வருஷத்துல ஒரு நாளாவது சுக்கானை என் கையில கொடுத்திருக்கியா அக்கா?"

"ஏன், அவ கொடுத்துட்டாளாக்கும்?"

"கொடுத்தா. அன்னைக்கு உரசினதும், பயத்துல அவகிட்டகூடச் சொல்லாம மறைச்சதும் நான்தான்."