நூற்றெழுபத்தாறாம் பக்கத்துக்குப் பிறகு

"டியூட்டி நேரத்துல காதல் கதையா? இது டயாலிசிஸ் வார்டா, சினிமா கொட்டகையா?"

ஹெட் சிஸ்டரின் குரல் கேட்டதும் பென்சில் துள்ளி எழுந்தாள். ஒல்லியாக இருப்பதால் வார்டில் வைத்த பேர் அது. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமே ஆன டெக்னீஷியன்.

"மெஷினைப் பார்த்துக்கிட்டேதான் படிக்கிறேன் சிஸ்டர். ஒவ்வொரு பத்திக்கும் ஒரு தடவை."

"அவளைத் திட்டாதீங்க" என்றார் ஆறாம் கட்டில் லாரி டிரைவர். "நாலு மணி நேரம் கட்டிப்போட்ட மாதிரி கிடக்கோம். கதையில ஒருத்தன் கிட்டார் வாசிச்சா உங்களுக்கு என்ன போகுது?"

"உங்க பிரஷர்தான் மேலே போகுது. பேசாம படுங்க."

மூன்றாம் கட்டில் அம்மா இந்தச் சண்டையைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கண்களை மூடியபடியே கேட்டார்: "எங்க விட்டே கண்ணு? மொட்டை மாடியில மழை வரப்போகுதுன்னியே."

பென்சில் ஹெட் சிஸ்டரைக் கெஞ்சலாகப் பார்த்தாள். "இந்த இடம் மட்டும் முடிச்சிடறேன் சிஸ்டர்."

பஸ் நிலையத்தில் தொலைந்த பொருள் கவுண்டரில் வேலை பார்க்கும் ஒரு சாதாரணப் பெண். ஊரே தலையில் தூக்கிவைத்து ஆடும் ஒரு ராக் பாடகன். தொலைத்த கிட்டாரைத் தேடி வந்தவன், அது கிடைத்த பிறகும் தினம் எதையாவது தொலைத்துவிட்டு அவள் முன்னால் வந்து நிற்கிறான். அதுதான் கதை.

பென்சில் படித்தாள்:

"மைக் இல்லை, மேடை இல்லை. ஆயிரம் ஆயிரம் பேருக்குப் பாடிய குரல், ஒருத்திக்குப் பாட வராமல் தடுமாறியது. அவள் கவுண்டரில் கிடந்த நாற்பது குடைகளையும் கொண்டுவந்து மாடி முழுக்க விரித்துவைத்தாள். ஒவ்வொரு குடையின் மேலும் மழை ஒவ்வொரு சுருதியில் விழுந்தது. அதைக் கேட்டு அவன் மெல்லப் பாடத் தொடங்கினான்..."

வார்டில் மூச்சுச் சத்தம் இல்லை. மெஷின்களின் பம்புகள் மட்டும் மெதுவாகச் சுற்றின. அதுவே தூரத்து மழை மாதிரி இருந்தது. டிரைவர் வாயைத் திறந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹெட் சிஸ்டருக்கும் ஒரு நிமிடம், தான் எதற்குக் கோபப்பட வந்தோம் என்பது மறந்துபோனது.

சட்டென்று சுதாரித்துக்கொண்டு புத்தகத்தைப் பிடுங்கினார்.

விரிந்திருந்த பக்கத்தில் மழையும் இல்லை, குடையும் இல்லை. கடைசிப் பக்கம் அது. கீழே 'முற்றும்' என்று இருந்தது. அதன் மேல் நோயாளிகளின் பிரஷர் குறிக்கும் பழைய சார்ட் தாள் ஒன்று, பின்பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாகக் கையெழுத்து.

"ஸ்டோர் ரூமுக்கு வா."

உள்ளே போனதும் பென்சிலுக்குக் கண் கலங்கிவிட்டது. "கதை நூத்தி எழுபத்தாறு பக்கம்தான் சிஸ்டர். அது எப்பவோ முடிஞ்சிருச்சு. கடைசியில அவ அவனை விட்டுட்டுப் போயிடறா."

"அப்போ இது?"

"நானே எழுதறது. வர்ற வழியில, பஸ்ல உட்கார்ந்து."

"எதுக்கு?"

"ரெண்டு மாசம் முன்னாடி மூணாம் கட்டில் அம்மா, ஊசி குத்தினது போதும், இனிமே வரமாட்டேன்னாங்களே. அன்னிக்குக் கிளம்பும்போது எங்கிட்ட சொன்னாங்க, இந்தக் கதை முடியற வரைக்கும் மட்டும் வர்றேன்னு. அப்போ பாக்கி பதினோரு பக்கம்தான் இருந்துச்சு."

ஹெட் சிஸ்டர் அந்தத் தாளைத் திருப்பிப் பார்த்தார். அந்த அம்மா மனம் மாறியதற்குத் தன் அறிவுரைதான் காரணம் என்று மாதக் கூட்டத்தில் சொல்லி, கைதட்டலும் வாங்கியிருந்தார்.

"ஏமாத்தறோமேன்னு தினமும் பயமா இருக்கு சிஸ்டர். எங்க வீட்டுல முதல்ல படிச்சு வேலைக்கு வந்தது நான்தான். வேலை போயிடுமா?"

ஹெட் சிஸ்டர் புத்தகத்தை அவள் கையில் திருப்பி வைத்தார்.

"குடைக்கு அப்புறம் என்ன ஆச்சு?"

"இன்னும் எழுதலை சிஸ்டர்."

"யோசி. இனிமே நீ படிக்கும்போது மெஷினை நான் பார்த்துக்கறேன்."

அன்று மூன்றாம் கட்டிலில் ஊசியை எடுக்க ஹெட் சிஸ்டரே போனார். கையில் பஞ்சை வைத்து அழுத்தியபடி, ரகசியத்தைக் காப்பவரின் அக்கறையோடு கேட்டார்.

"கதை நல்லா போகுதாம்மா?"

அந்த அம்மா கண்ணைத் திறந்து, முதலில் பென்சில் எங்கே என்று பார்த்தார். அவள் கடைசிக் கட்டிலில் டியூபைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"முப்பது வருஷம் வாடகைப் புத்தகக் கடை நடத்தினவ நான்" என்றார் மெதுவாக. "இந்தக் கதையை எத்தனை பேருக்குக் கொடுத்திருப்பேன்! முடிவைப் படிச்சுட்டு மூக்கைச் சிந்திக்கிட்டே திருப்பித் தருவாங்க."

ஹெட் சிஸ்டரின் விரல் பஞ்சின் மேல் அப்படியே நின்றது. "அப்போ... உங்களுக்குத் தெரியுமா?"

"அந்தப் பதினோரு பக்கத்தோட நிம்மதியாப் போயிடலாம்னுதான் சிஸ்டர் இருந்தேன். கடைசிப் பக்கம் வந்துச்சு. இந்தப் பொண்ணு உள்ளே ஒரு தாளை வெச்சுக்கிட்டு, போனவளை வாசல்லேயே திரும்பிப் பார்க்க வெச்சுட்டா."

பென்சில் இந்தப் பக்கம் வருவது தெரிந்ததும் அந்த அம்மா குரலை இன்னும் தாழ்த்தினார்.

"அவகிட்ட சொல்லிடாதீங்க. இப்போதான் எழுத ஆரம்பிச்சிருக்கா, கேட்க ஆளில்லாம விட்டுட்டு எப்படிப் போறது?"