மூன்று வாய்க்குக் கற்கண்டு

வாலாம்பாள் அத்தை மாப்பிள்ளையின் வாயில் ஒரு கற்கண்டைப் போட்டாள். பிறகு காரின் வாய்களைப் பார்த்தாள்.

மூன்று வாய்கள். சிவப்பு பானெட்டில் வெட்டிய ஓட்டை வழியாக, மூன்று அலுமினியப் புனல்கள் வானத்தைப் பார்த்துத் திறந்திருந்தன.

நாதஸ்வரக்காரர் ஏற்கெனவே அவற்றை ஒருமுறை சுற்றி வந்து பார்த்திருந்தார். தன் வாத்தியத்தின் முனையைப் போலவே இருந்தன, ஊதுவதற்குத்தான் ஆளில்லை. அவருக்கு அது பிடிக்கவில்லை.

நாளை கல்யாணம். இன்று மாலை ஜானவாசம். மாப்பிள்ளை அனந்தை மாட்டுங்கா கோவில் வாசலில் திறந்த காரில் ஏற்றி, மேளதாளத்தோடு கல்யாண மண்டபத்துக்கு அழைத்துப் போக வேண்டும். தனியாக நடந்தால் ஒரு காபி ஆறுவதற்குள் போய்விடலாம். ஊர்வலமாகப் போனால் ஒரு மணி நேரம்.

இந்தத் தூரத்துக்காகத்தான் அனந்த் தன் காரின் குதிரைசக்தியைக் கூட்டியிருந்தான்.

கூரையில்லாத, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். அனந்தைவிட வயதில் மூத்தது. இன்ஜின் மேல் ஒரு கறுப்புத் தகரப் பெட்டி இருந்தது. உள்ளே போகும் காற்றை வடிகட்டும் ஏர் ஃபில்டர் அதற்குள்தான் இருந்தது. கார் பிறந்தபோது கம்பெனி பொருத்திய பெட்டி, பார்ப்பதற்கு அப்பளம் வைக்கும் டப்பா போல. அது இன்ஜினின் குரலை அமுக்குகிறது என்று அனந்த் ஒரு வருடமாக எல்லாரிடமும் சொல்லிவந்தான்.

எல்லாரிடமும் என்றால், அம்முவிடம்.

நிச்சயமானபின் மற்ற ஜோடிகள் புறநகரான நெருளில் வீடு பார்ப்பதைப் பற்றிப் பேசும் நேரத்தில் இவர்கள் காற்றைப் பற்றிப் பேசினார்கள். பெங்களூரில் வேலை பார்த்த அம்மு போனில் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். பெட்டி அது பாட்டுக்கு இருக்கிறதே, அதை ஏன் கழற்ற வேண்டும்?

அதுதான் அவர்களுடைய முதல் சண்டை.

கடைசியில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஜானவாசத்தன்று கார் தெருமுனை திரும்பும். அப்போது மண்டபத்து மாடியறையில் தலை பின்னிக்கொண்டிருக்கும் அம்மு, இன்ஜின் சத்தம் கேட்டுத் தானாக ஜன்னலுக்கு வந்தால் அனந்த் சொன்னது சரி. வராவிட்டால் பெட்டியைத் திரும்ப மாட்டிவிட்டு, இந்தக் காரைப் பற்றி ஆயுசுக்கும் வாயைத் திறக்கக் கூடாது.

இரண்டாவது நிபந்தனை அனந்துக்கு மூச்சை அடைத்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டான்.

தாராவியில் பட்டறை வைத்திருக்கும் கணேசபாண்டியன் நேற்றுதான் பெட்டியைக் கழற்றி, காற்று நேராக இன்ஜினுக்குள் போகும்படி புனல்களைப் பொருத்தினார். இன்றைய ஊர்வலத்துக்கு விளக்குகளும் ஜெனரேட்டரும் அவருடையவைதான். புனல்களின் வாயில் ஒரு வலையாவது வைக்கலாமா என்று இருவரும் சற்று யோசித்தார்கள். அழகு கெடும் என்று அனந்த் நினைத்தான். வேலை கூடும் என்று அவர் நினைத்தார். ஒத்துப்போய்விட்டது.

“ஏக்தம் சிங்கம் மாதிரி உறுமும் பாருங்க சார். இந்தப் பெட்டிய நான் எடுத்துக்கிடுதேன். ஒங்களுக்கு இனி எதுக்கு?”

தோற்கப்போவதில்லை என்பதால் அனந்த் கொடுத்துவிட்டான்.

இப்போது போட்டோகிராபர் அனந்தின் முகவாயைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பியிருந்தார். இந்தப் பக்கம் அத்தை குனிந்தாள்.

“நல்ல காரியத்துக்குக் கிளம்பறச்சே ஒரு வாயும் வெறுமனே இருக்கப்படாது.”

புனலுக்கு ஒரு கற்கண்டு. மேலே ஒரு கிள்ளு அட்சதை.

மேளம் தொடங்கியது. அனந்த் சாவியைத் திருப்பினான். இன்ஜின் உறுமியது.

ஒரே ஒரு முறை.

பிறகு உள்ளே எதையோ கடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு தும்மல். மூன்றாவது வாயிலிருந்து மஞ்சள் அரிசி பறந்து வந்து மாப்பிள்ளையின் தலையில் விழுந்தது. நல்ல சகுனம் என்று எல்லாரும் கைதட்டினார்கள்.

கணேசபாண்டியன் ஓடிவந்து ஒரு புனலுக்குள் எட்டிப் பார்த்தார். முகர்ந்தார். விளக்குகளோடு போய் நின்றுகொண்டார்.

பெரியப்பா பிள்ளைகள் பின்னாலிருந்து காரைத் தள்ளினார்கள். தள்ளுகிறவர்களைத் தவிர வேறு யாரும் கவனிக்கவில்லை. நாதஸ்வரத்துக்கு இவ்வளவு பொருத்தமான வேகத்தில் எந்தக் காரும் போனதில்லை.

அனந்த் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, தூரதேசம் போகிறவனின் முகத்தோடு உட்கார்ந்திருந்தான். கழுத்து மாலையின் ரோஜாக்கள் மூக்கில் இடித்தன. இனி மிச்ச வாழ்க்கை முழுவதும் எதைப் பற்றிப் பேசுவது என்று யோசித்தான்.

தெருமுனை வந்தது. கார் சத்தமில்லாமல் திரும்பியது.

மாடி ஜன்னல் திறந்தது.

பாதி பின்னிய தலையோடு அம்மு எட்டிப் பார்த்தாள். சிரித்தாள். உள்ளிருந்து யாரோ இழுக்க, மறைந்தாள்.

அனந்தின் மடியில் போன் அதிர்ந்தது. ஆங்கில எழுத்துகளில் தமிழ்.

“முனைலேர்ந்தே கேட்டுது. என்ன கம்பீரம்! நீ சொன்னதுதான் சரி.”

அவன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்குவதற்காக நிறுத்தினார். அந்த இடைவெளியில் அனந்துக்கும் அது கேட்டது. ஆழமான, தடையில்லாத, கம்பீரமான ஓர் உறுமல்.

மாலையோடு திரும்பிப் பார்த்தான்.

வியர்வை வழியத் தள்ளிக்கொண்டிருந்த பெரியப்பா பிள்ளைகளுக்குப் பின்னால் ஒரு கைவண்டி வந்துகொண்டிருந்தது. அதன் மேல் உறுமிக்கொண்டு ஜெனரேட்டர். ஜெனரேட்டரின் காற்றுவாயின் மேல், சைக்கிள் டியூபால் இழுத்துக் கட்டியிருந்தது அந்தக் கறுப்புத் தகரப் பெட்டி.

பக்கத்தில் நடந்துவந்த கணேசபாண்டியன் பெட்டியைத் தட்டிக் காட்டி, கட்டைவிரலை உயர்த்தினார்.

அனந்த் முன்னால் திரும்பிக்கொண்டான். மாலையை ஒதுக்கிவிட்டு அம்முவுக்குப் பதில் எழுதினான்.

“பெட்டியைக் கழட்டினதாலதான்.”