ஒரு மிடறு தண்ணி

என் சீனியர் டோரின் மெடம் அன்றைக்கு வாதாடியதைப் போல நான் எங்கும் கண்டதில்லை. கப்பல் கொம்பனியோடான அந்த வழக்கில் தோற்றால் கொட்டாஞ்சேனை வியாபாரி வலன்ரைன் கடையை மூட வேண்டியதுதான். மூன்று நடுவர்களுக்கு முன்னால், ஒரு மிடறு தண்ணியும் குடிக்காமல், பின்னேரம்வரை பேசினா. கப்பல் கொம்பனிக்காரர் சமாதானத்துக்கு இறங்கி வந்தார்கள்.

வெளியே மெடத்தின் தம்பி நின்றார்.

“வழக்கைத் தள்ளிவைக்கத் தவணை கேட்டனியே பிள்ளை? அக்காவை விடியவே வெள்ளவத்தைப் பொலிஸ் சுற்றிவளைப்பில பிடிச்சிட்டாங்கள்.”

“விசர்க்கதை கதையாதேங்கோ அண்ணை. மெடம் உள்ளுக்கு இருக்கிறா.”

உள்ளே மெடம் இருந்த கதிரை வெறுமையாக இருந்தது.

பொலிசுக்கு ஓடினோம். தமிழிச்சி என்றால் லோயரும் இவங்களுக்குப் புலிதான்! அங்கே வாங்குப் பலகையில் மெடம் நைற்றியோடு இருந்தா. விடியத்தொட்டு அவ அசையவேயில்லை என்றான் காவல்காரன்.

வழக்கைப் பற்றி மெடம் கேட்கவில்லை. குரல் அடைத்திருந்தது.

“தண்ணி தா பிள்ளை. வலன்ரைன் நாளைக்குக் கடையைத் திறக்கட்டும்.”