ஓடிப்போகாத பேட்ச்

"இந்த பேட்ச்சும் டீ இடைவேளையில ஓடிடுச்சுன்னா, உங்க வகுப்பையே மூடிட வேண்டியதுதான் டீச்சர்!" என்றார் செயலாளர்.

முதலுதவித் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவள் வாசல் கதவையே பார்த்தாள். போன இரண்டு பேட்ச்சும் தெருமுனைக் கடைக்கு டீ குடிக்கப் போனது போனதுதான், திரும்பவே இல்லை.

செயலாளர் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

எதிரே பத்துப் பதினைந்து பேர். எல்லோரும் பிள்ளை குட்டிக்காரர்கள். பாடம் எடுத்தால் கொட்டாவி விடுவது என்ற முடிவோடு உட்கார்ந்திருந்தார்கள். அவள் லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள்.

"இன்னைக்கு நான் பேசப் போறதில்லை. நீங்க சொல்லுங்க. வீட்ல யாராவது அடிபட்டு விழுந்தப்போ என்ன செஞ்சீங்க?"

"எங்க வீட்டுக்காரர் வழுக்கி விழுந்தார். முதல்ல நல்லாத் திட்டினேன்" என்றார் முன்வரிசையில் இருந்த தையல்கார அம்மா.

அவ்வளவுதான், அறை களைகட்டிவிட்டது. பஸ் டிரைவர் ஒருவர் அடிபட்டவராக நடித்துத் தரையில் உருண்டார். "ஐயோ, என் பொண்டாட்டிகிட்ட சொல்லிடாதீங்க!" என்று அலறினார்.

"அடி கையிலங்க, வாயில இல்ல!" என்று அதட்டியபடி, தையல்கார அம்மா அவர் கையை மடக்கித் துணியால் கழுத்தோடு கட்டினார்.

"இந்த முடிச்சு எங்க உறுத்தும்?" என்று மட்டும் கேட்டாள் டீச்சர். அந்த அம்மாவே யோசித்து, அவிழ்த்து, முடிச்சைப் பின்கழுத்து எலும்பில் படாமல் பக்கவாட்டில் போட்டார். கைதட்டல் காதைப் பிளந்தது.

டீ இடைவேளை வந்தது. அவர்கள் போவதைப் பார்க்கத் தைரியம் இல்லாமல், அவள் உள்ளே இருந்த சாமான் அறைக்குள் புகுந்து, காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பி வந்து பார்த்தால், ஒருத்தர்கூடக் குறையவில்லை! அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மீதி வகுப்பு முழுக்கச் சிரிப்பும் கூத்தும்தான்.

சாயங்காலம் செயலாளர் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"சார், ஒருத்தர்கூட ஓடலை!" என்று துள்ளினாள்.

"எப்படி ஓடுவாங்க? நான்தான் வெளியிலேருந்து சாவி போட்டுப் பூட்டிட்டுப் போனேனே!"

அவள் முகம் தொங்கிப்போனது. அழுகையே வந்துவிட்டது.

"டீச்சர், நான் பூட்டு ரிப்பேர் பண்றவன்" என்று பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். "இடைவேளையில இந்தக் கதவுப் பூட்டை உள்ளேருந்தே கம்பி விட்டுத் திறந்து, எல்லாரும் போய் டீ குடிச்சிட்டுத்தான் வந்தோம். நடுவுல சார் வந்து, கதவு திறந்து கிடக்கிறதைப் பார்த்து வகுப்பை நிறுத்திடக் கூடாதேன்னு, நாங்கதான் மறுபடியும் உள்ளிருந்து பூட்டிக்கிட்டோம்!"