மாதம் மூன்று இரவு

"ஏன்டி கோதை, உங்க வீட்ல இடமில்லாமலா படிக்கட்டுல படுத்திருக்க?" என்று மாடிவீட்டு ரெஜினா ஒருமுறை கேட்டாள். பூங்கோதை பாயைச் சுருட்டிக்கொண்டே சிரித்து மழுப்பினாள். மாதவிலக்கான மூன்று நாளும் அவள் வாசலுக்கு வெளியே, படிக்கட்டு மூலையில்தான் படுக்க வேண்டும். அது அம்மாவின் கட்டளை.

இப்போது அம்மா இனி அதிக நாள் தாங்கமாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டுப்பாட்டு வாடகை வீட்டை மகள் பெயருக்கு மாற்றுவதற்காக வீட்டுவசதி வாரியத்து ஆள் வந்திருந்தார். பெற்றவளோடு ஐந்து வருடம் ஓர் இரவும் விடாமல் தங்கிய பிள்ளைக்குத்தான் வீடு. எந்த இரவு யார் உள்ளே தங்கினார்கள் என்பதை வாரியத்து வீட்டுக் கதவே கணக்கு வைத்து, கேட்டால் வாய்விட்டுச் சொல்லிவிடும். நாற்பது வயதுப் பூங்கோதைக்குப் போக வேறு இடமில்லை.

கதவு சொன்னதைக் கேட்டு அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"மாசாமாசம் மூணு ராத்திரி வெளிய தங்கியிருக்கீங்களேம்மா. எங்க போனீங்க?"

"எங்கயும் போகல சார். இதோ, இந்தப் படியிலதான் படுத்திருந்தேன்."

"படி வீட்டுல சேராதும்மா. நிலைக்கு உள்ள படுத்தாதான் செல்லும். கதவு சொன்னத நான் மாத்த முடியுமா? அம்மாவுக்கு அப்புறம் காலி பண்ணிடுங்க."

பூங்கோதை உள்ளே உட்கார்ந்திருந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "சாரல் அடிக்குதும்மா, உள்ள படுத்துக்கறேன்னு எத்தனை தடவ கேட்டேன்?"

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கதவுக்குப் பின்னால் தனியாகச் சாத்தியிருந்த அந்தப் பாயை இத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் கையால் தொட்டாள். அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு, நிலைப்படியைத் தாண்டி வெளியே போய், படிக்கட்டு மூலையில் விரித்தாள்.