ஓட்டுப் போடாத இருவர்

காலை ஏழு மணிக்கு ஓட்டுச்சாவடி திறந்ததுமே டெல்மர் உள்ளே நுழைந்துவிட்டார். தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டிருந்தார். நண்பனுக்குத் துரோகம் செய்யப் போகிறவர் நிமிர்ந்தா நடப்பார்?

மிசிசிப்பியின் மர அறுப்பு ஆலை ஒன்றில் அவரும் கிளியோடிசும் முப்பது வருடம் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். டெல்மர் குடியரசுக் கட்சி, கிளியோடிஸ் ஜனநாயகக் கட்சி. தேர்தல் வந்தால் பேச்சு கைகலப்பு வரை போகும். ஒருநாள் கிளியோடிஸ்தான் வழி சொன்னார்.

"உன் ஓட்டை என் ஓட்டு அடிச்சிடும். என்னுதை உன்னுது அடிச்சிடும். எதுக்குடா குளிர்ல வரிசையில நிக்கணும்? ரெண்டு பேருமே போட வேணாம். மீன் பிடிக்கப் போவோம்."

கை குலுக்கிக்கொண்டார்கள். அதன் பிறகு ஏழு அதிபர் தேர்தல். ஏழு முறையும் ஏரி, படகு, கெளுத்தி மீன்தான்.

இந்த முறைதான் வினை வந்தது. காலங்காலமாக ஒரே பக்கம் சாயும் மாநிலம் கை மாறினாலும் மாறலாம் என்று டி.வி.யில் கிளப்பிவிட்டார்கள். "தோத்தா உன் ஒரு ஓட்டாலதான் தோப்போம்" என்று டெல்மரின் மச்சான் தினமும் போனில் நச்சரித்தார்.

போட்டுவிட்டார். வெளியே கொடுத்த 'நான் ஓட்டுப் போட்டேன்' ஸ்டிக்கரைச் சட்டையிலிருந்து பிய்த்துப் பைக்குள் திணித்துக்கொண்டு ஏரிக்கு விரைந்தார்.

"ஏன்டா லேட்டு?"

"டயர் பஞ்சர்."

கிளியோடிஸ் தூண்டிலை வீசினார். அன்று ஒரு மீனும் சிக்கவில்லை.

மாநிலமும் கை மாறவில்லை. டெல்மரின் கட்சி வழக்கம்போலப் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தது. அவருடைய ஓட்டு யாருக்கும் தேவைப்படவில்லை. நண்பனிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்து நினைத்தே நாளைக் கடத்தினார். அதற்குள் கிளியோடிஸ் மாரடைப்பில் போய்விட்டார்.

அடக்கத்துக்கு முன் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். டெல்மர் கிளியோடிசின் மனைவி வெர்னெல் முன்னால் போய் நின்று உடைந்தார்.

"அவனை ஏமாத்திட்டேம்மா. ஓட்டுப் போட்டுட்டுத்தான் ஏரிக்கு வந்தேன்."

"தெரியும்ணே. உங்க ஸ்டிக்கர் படகுல விழுந்து கிடந்துதாம்."

"திட்டினானா?"

வெர்னெல் இல்லை என்று தலையாட்டினாள். "எந்த மூஞ்சிய வச்சுத் திட்டுவாரு? அவருக்கு ஏதுண்ணே ஓட்டு? இருபது வயசுல வேற ஊர்ல நாலு பைன் மரத்தைத் திருட்டுத்தனமா வெட்டி வித்து மாட்டிக்கிட்டாரு. அந்தக் குத்தத்துக்கு நம்ம மாநிலச் சட்டப்படி ஆயுசுக்கும் ஓட்டு கிடையாது."

டெல்மருக்கு ரத்தம் கொதித்தது. இல்லாத ஓட்டுக்காகவா ஏழு தேர்தல்?

"அப்போ என்னைத்தான் அவன் ஏமாத்தியிருக்கான்."

"ஏமாத்தினாருதான். 'எனக்கும் ஒரு ஓட்டு இருக்குன்னு நினைச்சுப் பயப்படுற ஒரே ஆளு அவன்தான்'னு சொல்லுவாரு."

டெல்மர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். கறுப்புக் கோட்டின் நெஞ்சில், ஓரம் கிழிந்த அதே ஸ்டிக்கர்.

"அன்னைக்கு வீட்டுக்கு வந்து, கண்ணாடி முன்னாடி நின்னு அதைச் சட்டையில ஒட்டி ஒட்டிப் பாத்தாருண்ணே" என்றாள் வெர்னெல். "அதான், போகும்போதாவது போட்டுக்கிட்டுப் போகட்டும்னு ஒட்டிவிட்டுட்டேன்."